கள்வனைப் படைத்தவர்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தபோது நான் உடனே இசைந்துவிடவில்லை. தயக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. அவருடைய வரலாற்றைச் சுந்தா 'பொன்னியின் புதல்வர்' என்னும் பெருநூலில் விரிவாகவும் அன்போடும் எழுதிவிட்டார். அதற்குமேல் சேர்க்க என்னிடம் புதிய சரக்கு ஏதுமில்லை. இது ஒன்று. மற்றொன்று, எனக்கும் கல்கிக்கும் இடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. எதிர்த்தரப்பினர் 1954 டிசம்பர் 5ஆம் நாளே இவ்வுலகை நீத்துவிட்டார். எனவே வாதமும் தீர்ப்பும் என் தலையிலேயே விழுந்தன.

வழக்கு 'சிவகாமியின் சபத'த்தைப் பற்றியதன்று. 'பொன்னியின் செல்வ'னைப் பற்றியதுமன்று. அவற்றைப் பேசுவதற்கு மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஆட்கள் குறைவில்லை. 1937இல் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்த 'கள்வனின் காதலி' என்னும் நாவலைப் பற்றியது அது. ஆகவே இக்கட்டுரை ஒரு வாழ்க்கை வரலாறாயினும் அந்த ஒரு நூலின் பக்கமாகச் சாய்ந்தே செல்லும். நடுநிலையான வரலாறு வேண்டுவோர் சுந்தாவின் நூலை நாடுவார்களாக.

1899 செப்டம்பர் 9ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்தை அடுத்த மணல்மேட்டுக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தை இராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர், தாயார் தையல்நாயகி. கணக்கர் வீடு என்றால் செல்வமில்லை. ஆயினும் ஊரில் யாருடைய நிலம் யாரிடம் போயிற்று, எந்தக் குடும்பம் எவ்வாறு நொடித்தது என்பதெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துவிடும். பிற்காலத்தில் அவர் படைத்த கள்வனும் வறுமையால் ஒரு மடத்தில் கணக்கெழுதப் போகிறவனே. நாணலும் புதரும் மண்டிய கொள்ளிடத்துப் படுகையும் அதன் லயன் கரையும் அக்கதையில் ஒரு பாத்திரமாகவே நிற்கின்றன. அந்தப் பக்கத்து மண்ணில் இளமையைக் கழித்தவரன்றிப் பிறர் அவ்வாறு எழுதியிருக்க இயலாது.

அதே 1899ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஒரு கதைத்தொகுதி வெளிவந்தது. ஹார்னங் என்பவர் எழுதிய அந்நூலின் நாயகன் ராஃபில்ஸ், பகலில் கனவான். கிரிக்கெட் ஆட்டத்தில் பேர்பெற்றவன். உயர்ந்த இடத்தில் வாசம். இரவில் அவன் திருடன். ஹார்னங், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் தங்கை கணவர். நூலை மைத்துனருக்கே காணிக்கையாக்கினார். டாயில் கதைகளின் நேர்த்தியை மெச்சினார். ஆனால் குற்றவாளியைக் கதாநாயகனாக்குவது ஆபத்தான காரியம் என்ற தம் கருத்தை மறைக்கவுமில்லை. பிரான்சில் 1905இல் மோரிஸ் லெப்ளாங்க் படைத்த ஆர்ஸேன் லூப்பேனும் அவ்வகையினனே: சிரித்துக்கொண்டே கொள்ளையிடுபவன், காவலர்களைக் கேலிப்பொருளாக்குபவன். ஹார்னங் தம் கள்வனைப் போயர் யுத்தத்தில் வீரமரணம் எய்தச்செய்து கரையேற்றிவிட்டார். லெப்ளாங்க் அதுவும் செய்யவில்லை. 1941இல் தாம் மறையுமட்டும் அவனை வாழவைத்தார்.

கனவான் கள்வர் என்னும் இந்த மரபு தமிழ்நாட்டுக்கு வந்தபோது அப்படியே வர முடியாது. நம்மிடம் மாலையில் சங்கம் சென்று இரவில் கன்னமிடும் பிரபுக்கள் இருந்தனரோ என்னவோ, அவர்களை நாயகராக ஏற்கும் வாசகர் இல்லை. இங்கே மக்கள் பாடி மகிழ்ந்த கள்வன் வேறு. திருநெல்வேலிச் சீமையில் 1923இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஜம்புலிங்கம் அத்தகையவன். பொய்வழக்கால் காட்டுக்குத் துரத்தப்பட்டவன், உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்கு ஈந்தவன் என்பதே அவனைப் பற்றி ஊர் சொன்ன கதை. தமிழ்க் கள்வன் கனவானாக வேண்டுமானால் பிறப்பாலோ உடையாலோ முடியாது. அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியால்தான் முடியும். கல்கி இதை நன்கறிந்திருந்தார்.

சட்டத்தை மீறுவது என்றால் என்ன என்பதையும் அவர் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். திருச்சிராப்பள்ளியில் தேசியக் கல்விச்சாலையில் பயின்றுகொண்டிருந்த அவர், 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டு, பள்ளியிறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கையில் படிப்பைத் துறந்தார். 1922இல் ஓராண்டுச் சிறை. பின்னர் 1930இல் ஆறு மாதம். 1941இல் மூன்று மாதம். ஆக மும்முறை சிறை சென்றவர். தந்தையை இளமையிலேயே இழந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, உத்தியோகம் தரக்கூடிய ஒரே சான்றிதழைக் கைநழுவவிட்டுச் சிறைக்குப் போவதென்றால், அது இன்று நாம் நினைப்பதுபோல் எளிய செய்தியன்று. வீட்டார் என்ன நினைத்திருப்பர் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

சிறையிலிருந்து மீண்டவர் 1923இல் சென்னை வந்து, இராயப்பேட்டையில் திரு.வி. கலியாணசுந்தரனார் நடத்திவந்த 'நவசக்தி'யில் உதவியாசிரியரானார். திரு.வி.க.வின் தமிழ் கம்பீரமானது. ஆனால் கிருஷ்ணமூர்த்தி அதைப் பின்பற்றவில்லை. பேச்சுக்கு அருகிலிருக்கும் ஒரு நடையை, சிரிப்பை மடியில் கட்டிக்கொண்டு வரும் நடையை, அவர் அங்கிருந்தபடியே தமக்கென ஆக்கிக்கொண்டார். 1924இல் ருக்மிணி அம்மையாரை மணந்தார். 1927இல் 'சாரதையின் தந்திரம்' என்னும் முதற் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. ஆசிரியர் பெயரில் ஒரு பாதியும் தம் பெயரில் ஒரு பாதியும் சேர்த்துக் 'கல்கி' என்று வைத்துக்கொண்டார் என்பாரும் உளர். பழைய உலகை அழித்துப் புதியது படைக்க வரும் அவதாரத்தின் பெயரே அது என்பாரும் உளர். அப்பெயரில் 1928இல் ஆனந்த விகடனுக்கு அனுப்பிய 'ஏட்டிக்குப் போட்டி' என்னும் கட்டுரை அவருடைய வாழ்வையே திருப்பிவிட்டது.

இடையில் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமம். இராஜாஜியின் நிழலில் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென நடந்த 'விமோசனம்' பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார். ஆசிரம வாழ்வின் ஒழுக்கமும் விகடனில் அவர் காட்டிய நகைச்சுவையும் ஒரே ஆளிடத்தில் குடியிருந்தன என்பதை மறவாதிருந்தால் அவர் கதைகளின் போக்கு ஓரளவு விளங்கும். மனம் கள்வனோடு ஓடும். கை ஆசிரமத்துப் பிரம்பை விடாது.

1931இல் எஸ்.எஸ். வாசன் அவரை ஆனந்த விகடனுக்கு ஆசிரியராக்கிக்கொண்டார். வாசன் அப்பத்திரிகையை 1928இல் இருநூறு ரூபாய்க்கு வாங்கியவர். அதைத் தமிழ்நாட்டின் வீட்டுக் கூடங்களுக்கெல்லாம் கொண்டு சேர்த்ததில் கல்கியின் பேனாவுக்குப் பெரும்பங்கு உண்டு. தலையங்கம், 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமரிசனம், நாடகம், சினிமா, பயணம், சிறுகதை என்று அவர் எழுதாத பக்கம் இல்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே இதழை இருபுறமும் பிடித்துக்கொண்டு படித்த காலம் அது. அந்தப் பாட்டியும் பேத்தியும் முகஞ்சுளிக்கக்கூடாது என்னும் நிபந்தனையும் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது.

இனி வழக்குக்கு வருகிறேன்.

முத்தையன் பூங்குளத்துப் பிள்ளை. பெற்றோரில்லை, அபிராமி என்னும் தங்கை ஒருத்தி மட்டுமே. கல்யாணியை நேசிக்கிறான், வறுமை குறுக்கே நிற்கிறது. அவளை வயது முதிர்ந்த செல்வர் ஒருவருக்கு மணமுடித்துவிடுகிறார்கள். முத்தையன் மடத்தில் கணக்குப்பிள்ளையாகிறான். அம்மடத்துக் கார்வார் சங்குப்பிள்ளை அபிராமியிடம் தகாதபடி நடக்க முயல, முத்தையன் அவனைப் புடைத்தெடுக்கிறான். விளைவு: திருட்டுக் குற்றச்சாட்டு, லாக்கப். அங்கிருந்து தப்பியோடியவன் கொள்ளிடக்கரைப் புதர்களில் மறைந்து, உண்மையிலேயே திருடனாகிறான். திருடனென்று பொய்யாகச் சொன்னார்கள். அதை மெய்யாக்கிக் காட்டுகிறான். இந்த ஒரு திருப்பத்துக்காகவே கல்கியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆங்கிலக் கனவானும் பிரெஞ்சுக் கனவானும் விளையாட்டாகத் திருடினர். நம்மவனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் மடத்துக் கார்வாரும் காக்கிச் சட்டைக்காரர்களுமே.

அபிராமி சென்னைக்கு வந்து பள்ளியில் சேர்வதும், முத்தையன் பட்டணத்தில் நாடகக் கம்பெனியில் புகுந்து சதாரம் நாடகத்தில் கள்ளனாகவே வேடமேற்பதும் நடுப்பகுதி. நிசக் கள்ளன் கள்ளன் வேடத்தில் மேடையேறிக் கைதட்டல் வாங்குகிறான். கொட்டகையில் அவனைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். கல்கியின் குறும்பு உச்சத்தில் நிற்கும் இடம் அது. அந்த அத்தியாயங்களை இன்று படித்தாலும் நான் சிரிப்பேன்.

கடைசிப் பகுதியில்தான் என் நெஞ்சு கசக்கிறது. கல்யாணி கைம்பெண்ணாகிச் செல்வத்துக்கு உரியவளாகிறாள். இருவரும் கப்பலேறி எங்கோ சென்று புதுவாழ்வு தொடங்கலாம் என்ற நிலை கனிகிறது. அப்போது நாடகத்தில் பெண்வேடம் கட்டும் நண்பன் கமலபதி, அந்த வேடத்திலேயே முத்தையனைக் காண வருகிறான். இருவரும் தழுவிக்கொள்வதைக் கல்யாணி தொலைவிலிருந்து காண்கிறாள். பொறாமை மூளுகிறது, அவன் மறைவிடம் அவளாலேயே போலீசுக்குத் தெரிந்துவிடுகிறது. முத்தையன் குண்டடிபட்டு மாள்கிறான், கல்யாணியும் உயிர்விடுகிறாள்.

தலைப்பில் இருப்பவள் காதலி. ஆயினும் நூல் முழுவதும் அவளுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை தரப்படவில்லை; இறுதியில் தரப்பட்ட ஒரே வேலை காட்டிக்கொடுப்பது. கார்வார் செய்த பாவத்துக்கும் சட்டம் செய்த பிழைக்கும் பழியை ஒரு பெண்ணின் ஒரு நிமிடப் பொறாமைமேல் ஏற்றிவிட்டுக் கதையை முடிப்பது நியாயமா? முத்தையன் சாகத்தான் வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார். குற்றவாளி வாழ்ந்து சுகித்தான் என்று விகடனில் எழுத முடியாது. எனில், அவனைக் கொல்லும் பொறுப்பைத் தாமே ஏற்காமல் கல்யாணியின் கையில் ஏன் கொடுத்தார்? தேடிவரும் போலீஸ் அதிகாரி சர்வோத்தம சாஸ்திரியையோ நல்லவராகவும் இரக்கமுள்ளவராகவும் ஆக்கிவிட்டார். அதிகாரி நல்லவர், கள்வன் நல்லவன், பழி மட்டும் அவள்மேல்.

1937 என்ற ஆண்டை இங்கே மறக்கக்கூடாது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்றது. நேற்றுவரை சட்டத்தை மீறிச் சிறை சென்றவர்கள் இன்று சட்டத்தை இயற்றவும் போலீசை நடத்தவும் அமர்ந்தார்கள். அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஆசிரமத்தில் பத்திரிகை நடத்தியவர்களின் கனவு போலீஸ் கையில் ஒப்படைக்கப்பட்டது. இருமுறை கைதியாய் இருந்த ஒருவர், தம் தலைவரே அரசாங்கமாகிவிட்ட ஆண்டில் எழுதிய கள்வன் கதை இது. லாக்கப்பின் கொடுமையும் அதில் இருக்கிறது. நல்ல இன்ஸ்பெக்டரும் அதில் இருக்கிறார். இரண்டில் ஒன்றை விடும்படி அவரிடம் யார் கேட்க முடியும்? என் மனத்திலுள்ள இருமை அவர் மனத்திலும் இருந்தது என்றே கருதுகிறேன். ஆயினும் கல்யாணிக்கு இது பதிலாகாது.

நம் வட்டத்துக் கவிஞர்கள் அவ்வாண்டை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். பாரதி மகாகவிதானா என்று எழுந்த விவாதத்தில் கல்கி, வ.ரா.வின் கூற்றை மறுத்து நின்றார். அவ்விவாதத்துக்குப் பதிலாகக் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' 1937இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழும்பியது யாருடைய முயற்சியால் என்று கேட்டால், அதே கல்கியின் முயற்சியால்தான். 1947 அக்டோபரில் இராஜாஜி அதைத் திறந்துவைத்தார். எழுத்தில் விட்டதைக் கல்லில் ஈடுசெய்தவர் என்று இதைச் சொல்லலாம். எனக்கென்னவோ, பிழையைத் திருத்திக்கொள்ள வெட்கப்படாத மனம் என்று தோன்றுகிறது. புதுமைப்பித்தன் முதலியோர் அவர்மீது எறிந்த தழுவல் குற்றச்சாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறநாட்டுக் கதைகளின் சாயல் கல்கியிடம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முத்தையன் நின்ற லயன் கரை எந்தச் சீமையிலிருந்தும் வந்ததன்று.

இதுவரை சொன்னவை இலக்கிய வழக்கு. இதன் அடியில் மற்றொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் மேற்சொன்னதெல்லாம் வெறும் விமரிசனமாகிவிடும்.

நாங்கள் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு சந்தில் குடியிருந்தோம். என் தாயார் சிறுமியாயிருந்தபோது விகடனிலிருந்து கள்வனின் காதலிப் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்தார். என் தாய்வழிப் பாட்டனார் அவற்றைப் பைண்டு செய்து கொடுத்தார். சீராக வந்த பொருள்களுள் அந்தப் புத்தகமும் ஒன்று. ஒரு வெள்ளிக் கூஜாவும் ஒன்று. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. மார்கழி விடுமுறைகளில் தாயார் அந்தப் புத்தகத்தை எடுத்து எங்களுக்கு உரக்கப் படிப்பார். முத்தையனை லாக்கப்பில் வைக்கும் இடத்தில் அவருக்குக் குரல் கம்மும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மேலே படிப்பார்.

1965ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. கூஜாவைக் காணவில்லை. வீட்டில் எடுபிடி வேலைக்குச் செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த பையன் ஒருவன் இருந்தான். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். எனக்குப் பம்பரம் விடக் கற்றுக்கொடுத்தவன். தகப்பனார் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஒரு கான்ஸ்டபிள் வந்து அவனை அழைத்துப் போனார். இரண்டு இரவு கழித்து அவன் வந்தபோது பாதங்கள் வீங்கியிருந்தன. திண்ணையில் ஏறாமல் கீழேயே நின்றான். தாயார் அவனுக்கு மோர்சாதம் கொடுத்தார். உண்டுவிட்டுத் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று மாதம் சென்றபின் கூஜா வீடு திரும்பியது. எங்கள் சித்தப்பா தமக்கு நேர்ந்த ஏதோ முடைக்காக அதைச் சேட்டுக் கடையில் அடகு வைத்திருந்தார். தகப்பனார் வட்டியோடு பணம் கட்டி மீட்டு வந்தார். சித்தப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர் சம்சாரி. அந்தப் பையனைத் தேடி யாரும் செங்கற்பட்டுக்குப் போகவுமில்லை. அவன் ஊரின் பெயரைக்கூட எங்கள் வீட்டில் எவரும் சரியாகக் கேட்டுவைத்திருக்கவில்லை.

அடுத்த விடுமுறையிலும் தாயார் அப்புத்தகத்தைப் படித்தார். லாக்கப் வரும் இடத்தில் வழக்கம்போல் குரல் கம்மியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் பையன் நினைவு வந்ததா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிவும் இல்லை. பெரியவனான பிறகும் கேட்கவில்லை. தாயார் கொடியவரல்லர்; தெருவில் பசித்து வந்தவர் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அவ்வளவு நன்றாகக் கண்ணீர் வரவழைக்கத் தெரிந்த ஒரு நூல், அந்தக் கண்ணீரைப் புத்தகத்துக்குள்ளேயே செலவழிக்க வைத்துவிட்டதோ என்பதுதான் என் ஐயம். முத்தையன் அழகன், பாடத் தெரிந்தவன், நம் இனம் என்று நாம் நினைக்கும்படி எழுதப்பட்டவன். வீங்கிய பாதத்தோடு கீழே நின்றவனுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. இதற்குக் கல்கியைப் பொறுப்பாளியாக்குவது அறமாகாது என்பதை அறிவேன். எங்கள் வீட்டுச் சங்குப்பிள்ளைகள் நாங்கள்தாம். ஆனாலும் அந்தப் புத்தகத்தைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அதன்மேல் ஒரு கோபம் வருகிறது. பத்துப் பக்கம் படிப்பதற்குள் அவர் நடை அந்தக் கோபத்தைக் கரைத்துவிடுகிறது. கரைத்துவிட்டதே என்று மறுபடியும் கோபம் வருகிறது.

எஞ்சிய வாழ்வை விரைவாகச் சொல்லிவிடலாம். அது யாவரும் அறிந்தது. 1938–39இல் 'தியாக பூமி', கே. சுப்பிரமணியம் இயக்கிய படத்தின் காட்சிப் படங்களோடு அது விகடனில் வந்தது. 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட விழைந்தபோது விகடனிலிருந்து விலகினார். மூன்று மாதச் சிறைக்குப் பின் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து 1941 ஆகஸ்டு 1ஆம் நாள் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பொருள், எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்ததால் வந்தது. பிறகு 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', சுதந்திரப் போராட்டத்தின் இறுதி ஆண்டுகளைச் சொல்லும் 'அலை ஓசை'. 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954இல் முடிந்தது. தம் நூல்களுள் ஒன்று நிற்குமாயின் அது 'அலை ஓசை'யாகவே இருக்கும் என்பது அவர் கருத்து. மறைவுக்குப் பின் 1956இல் சாகித்ய அகாதெமி விருது அதற்கே கிடைத்தது. ஊர் மட்டும் பொன்னியின் செல்வனையே பிடித்துக்கொண்டுவிட்டது. எழுதியவர் சொல்லை யார் கேட்கிறார்கள்!

வந்தியத்தேவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவரேறிக் குதிக்கிறான், பொய் சொல்கிறான், பிறர் மாளிகையில் ஒளிகிறான், பழுவேட்டரையரின் பொக்கிஷ நிலவறைக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். கள்வனுக்குரிய இலட்சணம் எதுவும் அவனிடம் குறையில்லை. செய்யாத குற்றத்துக்குப் பழியேற்றுப் பாதாளச் சிறையிலும் கிடக்கிறான். ஆனால் இம்முறை கல்கி அவனைக் கொல்லவில்லை. எந்தப் பெண்ணையும் கொண்டு அவனைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. மாறாக, குந்தவை தன் அறிவால் கதையையே நடத்துகிறாள். பதின்மூன்றாண்டு இடைவெளியில் முத்தையனையும் கல்யாணியையும் அவர் மீண்டும் எழுதிப் பார்த்தார் என்று நான் சொன்னால் நம் வட்டத்தில் நகைப்போர் இருக்கக்கூடும். நகைக்கட்டும். சோழர் காலம் என்னும் தூரம் கிடைத்தபின்தான் அவருக்கு அந்தத் துணிவு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இறுதிக் காலத்தில் அவர் இல்லம் அடையாறு காந்தி நகரில் இருந்தது. அப்போது அது புதிதாக எழுந்துவந்த குடியிருப்பு. மறைந்தபோது வயது ஐம்பத்தைந்து. 'அமரதாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி தந்தையின் குறிப்புகளைக்கொண்டு அதை முடித்தார். மறு ஆண்டு, 1955இல், கள்வனின் காதலி திரைப்படமாயிற்று, வி.எஸ். இராகவன் இயக்கத்தில் முத்தையனாகச் சிவாஜி கணேசனும் கல்யாணியாகப் பானுமதியும் நடித்தனர். ஆசிரியர் அதைக் காணவில்லை. பானுமதியின் கல்யாணி எழுத்திலுள்ள கல்யாணியைவிட நிமிர்ந்தவள் என்பார் என் தாயார். 1999இல் கல்கியின் நூற்றாண்டையொட்டி அவர் படைப்புகள் நாட்டுடைமையாயின. அதன்பின் கள்வனின் காதலி எல்லாப் பதிப்பகங்களின் கையிலும் தாராளமாகப் புழங்குகிறது. அவர் தொடங்கிய வார இதழ் 2020இல் அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டது.

தாயார் மறைந்தபின் அலமாரி என் பங்குக்கு வந்தது. கூஜாவைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். பைண்டு புத்தகத்தை வைத்துக்கொண்டேன். தாள்கள் பழுத்து ஓரம் உதிர்கின்றன. ஆண்டுவிழாவன்று நூற்காட்சியில் வைக்க அதைக் கொண்டுவருகிறேன். லாக்கப் அத்தியாயத்தில் ஒரு தாள் மட்டும் இல்லை. கிழிந்து போனதன்று, கத்தரியால் நறுக்கியெடுத்தது போல் விளிம்பு நேராக இருக்கிறது. எடுத்தவர் யாரென்றோ, எந்த ஆண்டில் என்றோ எனக்குத் தெரியாது. படிக்க விரும்புவோர் அந்தப் பகுதியை மட்டும் அச்சுப் பதிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.